பாட்டும் ஓட வேண்டும், அழைப்பும் வர வேண்டும்: 2ஜி கைப்பேசியில் இணைய ஒலி கேட்க முழு வழிகாட்டி

2009 டிசம்பர். இணைய வானொலியில் ஒரு மார்கழிக் கச்சேரியைக் கேட்டபடி மும்பையில் டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்டி நிலையத்துக்கு விரைவு லோக்கல் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். குர்லா தாண்டியதும் கச்சேரி முடிந்தது. வானொலியை நிறுத்தினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, சட்டைப்பையில் கைப்பேசி அடுத்தடுத்து ஐந்து முறை அதிர்ந்தது. எல்லாம் தவறிய அழைப்புகளைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திகள். ஐந்தும் கோவில்பட்டியில் இருக்கும் அக்காவின் எண்.

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். முக்கால் மணி நேரமாக அக்கா அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என் கைப்பேசியில் ஒரு மணிகூட அடிக்கவில்லை. சிக்னல் கோடுகளோ முழுதாக நின்றன. அவள் காதில் விழுந்ததெல்லாம் 'கவரேஜ் க்ஷேத்ர சே பாஹர்' (தொடர்பு எல்லைக்கு வெளியே) என்ற இந்தி அறிவிப்பு மட்டும். அக்காவுக்கு இந்தி தெரியாது. தம்பியின் போன் யார் கையிலோ சிக்கிவிட்டது, வேறு யாரோ பேசுகிறார்கள் என்று பயந்துபோயிருக்கிறாள்.

அப்பா தேறி வீடு திரும்பினார். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் கைப்பேசி பழுது பார்க்கும் நண்பரிடம் போய் நின்றேன். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்: "அண்ணாச்சி, இதில் கோளாறே இல்லை. இந்தப் போனுக்கு இருப்பது ஒரே காது. டேட்டாவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் அதற்குக் கேட்காது."

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் விடவில்லை. 2ஜி பழங்கதை என்று நினைப்பவர்கள் உண்டு. ஏர்டெல் தன் 3ஜியை மூடியபோதும் 2ஜியை மூடவில்லை. ஊரில் பல வீடுகளில் பெரியவர்கள் கையில் இருப்பது இன்றும் பொத்தான் போன்தான். புதிய 4ஜி கைப்பேசியும் ஓர் அமைப்பு மாறியிருந்தால் அழைப்பு வந்த நொடியில் 2ஜிக்கு இறங்கிவிடும். எஸ்60 மென்பொருளில் ஓடும் பழைய நோக்கியா போன்ற கைப்பேசியைத் தூக்கிப் போட மனமில்லாமல் வானொலிப் பெட்டி போல வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் மணி அடிப்பதில்லை

இதைப் புரிந்துகொண்டால் மீதிப் படிகளில் பாதி தானாக விளங்கும்.

ஜிஎஸ்எம் (2ஜியின் தொழில்நுட்பம்) டவர் ஒவ்வொரு அலைவரிசையையும் எட்டு நேரத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறது. எட்டுத் துண்டும் ஒரு சுற்று வர 4.615 மில்லிநொடி ஆகும். ஒரு பேச்சழைப்புக்கு ஒரு துண்டு போதும். 2ஜியின் டேட்டா வழியான ஜிபிஆர்எஸ்ஸுக்கு, கைப்பேசியின் தரத்தைப் பொறுத்து, டவரிலிருந்து வரும் இறங்குவழியில் நான்கு துண்டுகள் வரை கிடைக்கலாம்.

ஜிபிஆர்எஸ் கைப்பேசிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ வகுப்பு பேச்சையும் டேட்டாவையும் ஒரே நேரத்தில் கையாளும். பி வகுப்பு இரண்டுக்கும் பதிவு செய்துகொள்ளும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். சி வகுப்பில் பேச்சா டேட்டாவா என்று முன்கூட்டியே நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் விற்ற 2ஜி கைப்பேசிகளில் பெரும்பாலானவை பி வகுப்பு.

இனி முக்கியமான இடம். உங்களுக்கு அழைப்பு வரும்போது நெட்வொர்க் முதலில் அந்தப் பகுதி டவர்கள் வழியாக உங்கள் கைப்பேசியைக் கூவி அழைக்கும். சும்மா இருக்கும் கைப்பேசி அந்தக் கூவலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். கேட்டதும் 'இதோ இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். அதன் பிறகுதான் மணி அடிக்கும். டேட்டா இறங்கிக்கொண்டிருக்கும்போதோ, பி வகுப்புக் கைப்பேசி வேறு வழித்தடத்தில் கவனமாக இருக்கிறது. கூவல் அதன் காதில் விழாமல் போகலாம். நெட்வொர்க் சில நொடிகள் கழித்து மறுபடி கூவிப் பார்க்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக முடிவு கட்டிவிடும். சிக்னல் முழுதாக இருந்தும் அக்கா அந்த அறிவிப்பைக் கேட்டது இதனால்தான்.

சில நெட்வொர்க்குகள் பேச்சு நிலையத்தையும் டேட்டா நிலையத்தையும் இணைத்து வைத்திருக்கும். அங்கே அழைப்புக்கான கூவல் டேட்டா ஓடும் வழியிலேயே வந்து சேரும், மணி அடித்துவிடும். இணைப்பு இல்லாத நெட்வொர்க்கில்தான் சிக்கல். எது எந்த வகை என்று விளம்பரத்தில் எழுதியிருக்காது. நாமே சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை இது. ஜிபிஆர்எஸ் அல்லது அதைவிட வேகமான எட்ஜ் வழியாக டேட்டா ஓடும்போது வரும் அழைப்புகள் நேராகக் குரல் அஞ்சலுக்குப் போய்விடக்கூடும் என்று ஆப்பிள் தன் ஐபோன் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

ஆக, அழைப்பு உள்ளே வர ஒரே வாசல்தான் உண்டு: டேட்டா ஓடாத இடைவெளி. பாட்டு நிற்காமல் ஒலிக்கலாம். டேட்டா நிற்காமல் ஓடக்கூடாது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த இடைவெளியை உண்டாக்குவதற்காகத்தான்.

படி 1: உங்கள் கைப்பேசியையும் நெட்வொர்க்கையும் சோதியுங்கள்

இன்னொரு போன், பத்து நிமிடம், ஒரு தாள். இவ்வளவு போதும்.

கைப்பேசியில் ஒரு நேரலை வானொலியை ஓட விடுங்கள். ஒரு நிமிடம் ஓடட்டும். பிறகு மற்ற போனிலிருந்து பத்து முறை அழையுங்கள்; ஒவ்வோர் அழைப்புக்கும் இடையில் அரை நிமிடம் விடுங்கள். எத்தனை முறை மணி அடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து என்றால் உங்கள் நெட்வொர்க் கூவலை டேட்டா வழியிலும் அனுப்புகிறது, அல்லது உங்கள் கைப்பேசி கெட்டிக்காரத்தனமாக இரண்டையும் கவனிக்கிறது. நீங்கள் படி 6-க்குத் தாவிவிடலாம். ஆறோ ஏழோ என்றால் நம் நிலைமைதான். ஒன்றுமே வரவில்லை என்றால் இந்த வழிகாட்டி முழுவதும் உங்களுக்குத் தேவை.

இந்தச் சோதனையை வீட்டில் மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். அலுவலகத்திலும் ஒருமுறை செய்யுங்கள். டோம்பிவிலியில் எனக்கு ஏழு கிடைத்தது. ஃபோர்ட் பகுதியில் மூன்றுதான்.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய டிரான்சிஸ்டர் வானொலி அல்லது கணினி ஒலிபெருக்கி ஒன்றின் அருகே கைப்பேசியை வையுங்கள். ஜிஎஸ்எம் கைப்பேசி அலை அனுப்பும்போது, மேலே சொன்ன 4.615 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிக்கும். அது நொடிக்கு 217 துடிப்பு. பக்கத்து ஒலிபெருக்கியில் இதுதான் 'டிர்ர்... டிட்-டிட் டிட்-டிட்' என்று கேட்கும். அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் டிவி கரகரக்குமே, அதே சத்தம். டேட்டா இறங்கும்போதும் கைப்பேசி 'கிடைத்தது, கிடைத்தது' என்று டவருக்குப் பதில் அனுப்பிக்கொண்டே இருப்பதால் இந்தக் கரகரப்பு தொடரும். டேட்டா நின்றதும் ஒலிபெருக்கி அமைதியாகிவிடும்.

அந்த அமைதிதான் அழைப்பு நுழையும் வாசல். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள்: எவ்வளவு நேரம் கரகரப்பு, எவ்வளவு நேரம் அமைதி? பத்து நொடிக்குக் குறையாத அமைதி அடிக்கடி வந்தால் நல்லது. சமையலறை ஸ்டூலில் பழைய வானொலியை வைத்துக்கொண்டு இதை நான் மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். எந்த அளவுமானியும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

படி 2: சரியான இணைப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

பழைய கைப்பேசிகளில் பெரும்பாலும் இரண்டு இணைப்புப் புள்ளிகள் (இணையத்துக்குள் நுழையும் வழிகள்) பதிவாகியிருக்கும்: வேப் எனும் எளிய கைப்பேசித் தளங்களுக்கு ஒன்று, முழு இணையத்துக்கு ஒன்று. வேப் புள்ளி நடுவில் ஓர் இடைநிலைக் கணினி வழியாகப் போகும். அது சிறு பக்கங்களுக்காக ஏற்பட்டது. நெடுநேரம் ஓடும் ஒலியைப் பாதியில் வெட்டிவிடும். இணையப் புள்ளியையே வானொலிச் செயலியில் நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி விட்டால், ரயில் நெரிசலில் தவறான விரல் தவறான புள்ளியைத் தொடும்.

எஸ்60 கைப்பேசியில் டேட்டா இணைப்பு 'தேவைப்படும்போது', 'கிடைக்கும்போது' என இரண்டு வகை. 'கிடைக்கும்போது' என்று வையுங்கள். சிக்னல் போய் வந்தபின் மறுபடி ஒட்டிக்கொள்ள நேரம் குறையும்.

படி 3: பிட்வீதத்தைக் குறையுங்கள், அழைப்புக்காக

பிட்வீதம் என்பது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை பிட் டேட்டா என்ற அளவு. அதை ஒலியின் தரம் என்று மட்டுமே எல்லோரும் பார்க்கிறார்கள். நமக்கு அது அழைப்பு வருமா வராதா என்ற கணக்கு.

ஜிபிஆர்எஸ்ஸில் பரவலாகப் பயன்படும் குறிமுறையில் ஒரு நேரத் துண்டுக்கு நொடிக்கு 13.4 கிலோபிட் வேகம். நான்கு துண்டுகளுக்கு 53.6. இது தாளில் உள்ள கணக்கு. கைக்கு வருவது 30 முதல் 40 வரை. எட்ஜில் ஒரு துண்டுக்கு உச்சம் 59.2, நான்குக்கு 236.8; நல்ல இடத்தில் 100 வந்தால் மகிழ்ச்சி. காலை ஒன்பது மணிக்கு தாதர் ரயில் நிலையத்தில் இதில் எதுவும் வராது. பேச்சுக்குத்தான் முன்னுரிமை, ஆயிரம் பேர் பேசத் தொடங்கினால் டேட்டாவுக்கு இருந்த துண்டுகளை டவர் பிடுங்கிக்கொண்டுவிடும்.

இப்போது 40 கிலோபிட் வேகத்தில் 32 கிலோபிட் ஒலியைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிட ஒலி 240 கிலோபைட். அதை இறக்க 48 நொடி ஆகும். ஒரு நிமிடத்தில் அழைப்புக்கு மிஞ்சுவது 12 நொடி. அதே வேகத்தில் 16 கிலோபிட் ஒலி என்றால் 24 நொடியில் இறங்கிவிடும். 36 நொடி வாசல் திறந்திருக்கும். எட்ஜில் 100 கிலோபிட் கிடைத்தால் 32 கிலோபிட் ஒலிக்கே சுமார் 19 நொடி போதும். ஒரு நிமிட ஒலியை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு அமைதியாக இருக்கும் செயலிக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். அடுத்த படியில் அதற்கு வருகிறேன்.

செய்தி, பட்டிமன்றம், சொற்பொழிவு போன்ற பேச்சுக்கு 16 கிலோபிட் தாராளம். பாட்டுக்கு ஏஏசி பிளஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் 24 அல்லது 32 கிலோபிட் உள்ள நிலையத்தைத் தேடுங்கள். அதே அளவுள்ள எம்பி3 தகர டப்பாவில் தட்டுவது போல இருக்கும். ஏஏசி பிளஸ்ஸில் வயலினின் மேல்ஸ்தாயியும் மிருதங்கத்தின் சொல்லும் ஓரளவு பிழைக்கும். 128 கிலோபிட் நிலையத்தை ஜிபிஆர்எஸ்ஸில் திறக்கவே வேண்டாம்.

பணக்கணக்கும் பாருங்கள். 32 கிலோபிட் ஒரு மணி நேரத்துக்கு 14.4 மெகாபைட். 10 கிலோபைட்டுக்கு 10 பைசா என்று வசூலித்த காலத்தில் அது மணிக்கு 144 ரூபாய். ஒரே கச்சேரியில் ரீசார்ஜ் கரைந்துபோனவர்கள் என் ரயில் பெட்டியிலேயே இருந்தார்கள். இன்றும் திட்டமில்லாத 2ஜி சிம்மில் டேட்டாவைத் திறப்பதற்கு முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: நேரலையைவிடப் பதிவு நல்லது

நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் இது. வேகமான எட்ஜ் இருந்தும் நேரலை வானொலியில் எனக்கு அழைப்புகள் தவறிக்கொண்டே இருந்தன. காரணம், நேரலைச் சேவையகம் தொடக்கத்தில் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டு, பிறகு ஒலி உருவாகும் வேகத்திலேயே சொட்டுச் சொட்டாக அனுப்புகிறது. உங்கள் குழாய் எவ்வளவு பெரியதானாலும் சொட்டு நிற்பதே இல்லை. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அரை நொடிகூட இருக்காது. அந்த இடுக்கில் கூவல் கேட்டால் அதிர்ஷ்டம்.

பதிவு செய்த கோப்பு அப்படியல்ல. செயலி ஒரு பெரிய பகுதியை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, அது தீரும்வரை சும்மா இருக்கலாம். எனவே நிகழ்ச்சி பதிவாகவும் கிடைக்கிறது என்றால் பதிவையே எடுங்கள். 32 கிலோபிட்டில் பத்து நிமிடக் கீர்த்தனை 2.4 மெகாபைட். 40 கிலோபிட் வேகத்தில் எட்டு நிமிடத்தில் முழுதும் இறங்கிவிடும். வீட்டில் காபி ஆறுவதற்குள் ஒன்று, ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் ஒன்று என்று நினைவட்டையில் இறக்கிவிட்டால், ரயிலில் டேட்டாவே வேண்டாம். பாட்டு ஓடும், மணியும் அடிக்கும்.

நேரலைதான் வேண்டும் என்றால், துண்டு துண்டாக அனுப்பும் வகை நிலையத்தைத் தேடுங்கள். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை ஒலியைப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டிக் கோப்புகளாகத் தருகிறது. எட்ஜில் ஒரு துண்டு மூன்று நான்கு நொடியில் இறங்கிவிடும். பிறகு ஐந்தாறு நொடி அமைதி. கூவல் இருமுறை வருவதால் அவற்றில் ஒன்றாவது இந்த அமைதியில் வந்து விழ நல்ல வாய்ப்பு உண்டு.

படி 5: இருப்பைப் பெரிதாக வையுங்கள், குறிப்பாக ரயிலில்

செயலியின் அமைப்பில் முன்சேமிப்பு, அதாவது ஒலிப்பதற்கு முன்பே இறக்கிவைக்கும் இருப்பு, எத்தனை நொடி என்று ஓர் எண் இருக்கும். ஐந்து, பத்து என்று விட்டுவைக்காதீர்கள்.

பேச்சழைப்பில் இருக்கும்போது டவர் மாறினால் நெட்வொர்க்கே உங்களைக் கைப்பிடித்து அடுத்த டவருக்குக் கொண்டுபோய் விடும். ஜிபிஆர்எஸ் டேட்டாவுக்கு அந்த உபசாரம் கிடையாது. கைப்பேசியே பழைய டவரை விட்டுவிட்டு, புதியதைத் தேடிப் பிடித்து, டேட்டாவை மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில நொடிகள் போகும். ஓடும் லோக்கலில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பாதையில் இன்னொரு பரீட்சையும் இருந்தது. அப்போது விரைவு லோக்கல்கள் தாணேவுக்கு முன்னால் பார்சிக் சுரங்கத்துக்குள் நுழையும். 1916-இல் திறந்த சுரங்கம், சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 78 நொடி இருட்டு. வெளியே வந்து டவரைப் பிடிக்க இன்னும் கொஞ்ச நேரம். ஆகவே இரண்டு நிமிட இருப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டேன்: 32 கிலோபிட்டில் 480 கிலோபைட். அதை வைத்த அன்று சுரங்கத்துக்குள் நுழைந்தபோது ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. மறுபக்கம் கல்வா வெளிச்சத்தில் வந்தபோதும் அறுபடாமல் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்து என்ன நல்ல செய்தி என்று கேட்டார்.

உங்கள் பாதையில் சிக்னல் சாகும் இடம் எது, அது எத்தனை நொடி என்று ஒருநாள் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். அதைப்போல ஒன்றரை மடங்கு இருப்பு வையுங்கள்.

படி 6: அழைப்பு வந்துவிட்டது, இனி என்ன?

பேசுங்கள். பேசி முடியும்வரை பி வகுப்புக் கைப்பேசியில் டேட்டா நிறுத்திவைக்கப்படும். திரையில் டேட்டா அடையாளம் மாறிவிடுவதை வைத்தே இதை அறியலாம். இணைப்பு அறுந்துவிடவில்லை, தூங்குகிறது. சேவையகத்துக்கு இது தெரியாது. பதில் வரவில்லையே என்று அது மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும்: ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று. நீங்கள் மூன்று நிமிடம் பேசியிருந்தால் அதன் அடுத்த முயற்சி இன்னும் ஒரு நிமிடம் தள்ளி இருக்கலாம்.

பேசி முடித்தபின் 'சிக்னல் இருக்கிறதே, ஏன் ஓடவில்லை?' என்று பலர் திகைப்பது இந்த இடத்தில்தான். காத்திருக்க வேண்டாம். நிறுத்து என்பதை அழுத்துங்கள், பத்து நொடி விடுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். புதிய இணைப்பு பழையதைவிடச் சீக்கிரம் எழுந்துவிடும். பத்து நொடி எதற்கென்றால், பேசும்போது ரயில் வேறு பகுதிக்குப் போயிருந்தால் கைப்பேசி தன் புதிய இருப்பிடத்தை டேட்டா நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். அது முடியும் முன் அவசரப்படுத்தினால் பிழைச் செய்திதான் வரும்.

நேரலை என்றால் இன்னொரு வரம்பும் உண்டு. மெதுவாகக் கேட்பவர்களுக்காகச் சேவையகம் கொஞ்சம் ஒலியைச் சேர்த்து வைக்கும். அது நிரம்பினால் தொடர்பைத் துண்டித்துவிடும். இணைய வானொலி நடத்தப் பயன்படும் ஐஸ்காஸ்ட் மென்பொருளின் மாதிரி அமைப்புக் கோப்பில் இந்த அளவு 524288 பைட். 32 கிலோபிட் ஒலிக்கு இது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக, இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பேச்சு என்றால் பழைய இணைப்பு பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அதற்கு மேல் என்றால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

பதிவுக் கோப்பாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து இறக்கத் தெரிந்த செயலியைப் பயன்படுத்துங்கள். தெரியாத செயலி ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் முதல் பைட்டிலிருந்து தொடங்கி உங்கள் காசைத் தின்னும்.

படி 7: பாதுகாப்பு வலை

இத்தனையும் செய்தாலும் நூற்றுக்கு நூறு வராது. அதனால் இந்தப் படியை யாரும் விட்டுவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜிஎஸ்எம்மில் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்ப நான்கு நிபந்தனைகள் உண்டு: எப்போதும், வேறொரு பேச்சில் இருக்கும்போது, எடுக்காதபோது, தொடர்பில் இல்லாதபோது. நமக்கு வேண்டியது கடைசி ஒன்று. கூவலுக்குப் பதில் வராவிட்டால் நெட்வொர்க் அந்த அறிவிப்பைப் போடாமல் நீங்கள் கொடுத்த எண்ணுக்கு அழைப்பை அனுப்பிவிடும். வீட்டுத் தரைவழி எண், அலுவலக எண், துணைவர் கைப்பேசி எதுவானாலும் சரி. கைப்பேசி அமைப்பில் அழைப்புத் திருப்பம் என்ற பகுதியில் இதைச் செய்யலாம். குறியீட்டில் என்றால் **62*எண்#, நிலையைப் பார்க்க *#62#, நீக்க ##62#. திரும்பிப் போகும் பகுதிக்கான கட்டணம் உங்கள் கணக்கில் விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது ஓர் எச்சரிக்கை. இந்த வசதியை வைத்து வங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் மோசடி பெருகியதால், யுஎஸ்எஸ்டி (இப்படி *, # குறியீடுகளை அழுத்திப் பெறும் சேவை) வழி அழைப்புத் திருப்பத்தை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. குறியீடு வேலை செய்யாவிட்டால் உங்கள் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் சொல்லும் எந்தக் குறியீட்டையும் அழுத்தாதீர்கள். பெரியவர்களிடமும் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

தவறிய அழைப்புகளைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திச் சேவை இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு கைப்பேசி வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல வழியே இல்லை: ஒன்று பாட, ஒன்று பேச. ஒரே கைப்பேசியில் இரண்டு சிம் போட்டால் தீரும் என்று நம்ப வேண்டாம். அந்தக் காலத்து இரட்டை சிம் கருவிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு சிம்முக்கும் அலைவாங்கி ஒன்றுதான். அதே ஒற்றைக் காது.

படி 8: 3ஜி, 4ஜி வைத்திருப்பவர்களுக்கு

3ஜியின் யுஎம்டிஎஸ் தொழில்நுட்பம் பேச்சையும் டேட்டாவையும் ஒன்றாகவே ஓட்டும். டில்லியில் அரசு நிறுவனமான எம்டிஎன்எல் 2008 டிசம்பரில் நாட்டின் முதல் 3ஜி சேவையைத் தொடங்கியது. பின்னர் மும்பைக்கும் வந்தது. எஸ்60 கைப்பேசியில் நெட்வொர்க் முறையை 'இரட்டை' என்று வைத்தால் 3ஜி இருக்கும் இடத்தில் அதைப் பிடிக்கும். ஆனால் பேச்சின் நடுவே 3ஜி மங்கி 2ஜிக்கு இறங்கினால் டேட்டா அங்கேயே படுத்துவிடும். ஜிஎஸ்எம் அல்லாத சிடிஎம்ஏ வகைக் கைப்பேசியில் பேசும்போது டேட்டா நிற்கும். அந்தச் சேவைகள் இப்போது இல்லை என்பதால் மேலே போக வேண்டாம்.

4ஜி முழுக்க டேட்டாவுக்கான வலை. அதில் பேச வோல்ட்இ (டேட்டா வழியாகவே பேச்சை அனுப்பும் வசதி) வேண்டும். வோல்ட்இ அணைந்திருந்தால், 2ஜியோ 3ஜியோ உள்ள நெட்வொர்க்கில் அழைப்பு வந்ததும் கைப்பேசி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். மணி அடித்துவிடும், அதில் குறையில்லை. ஆனால் 3ஜி இல்லாத நெட்வொர்க்கில் நேராக 2ஜிக்குப் போவதால் பாட்டு, வரைபடம் எல்லாம் பேசி முடியும்வரை நின்றுவிடும். அமைப்பில் சிம் பகுதிக்குப் போய் வோல்ட்இ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு படி 1-இல் சொன்ன பத்து அழைப்புச் சோதனையை இங்கேயும் ஒருமுறை செய்து, பேசும்போது திரையின் மேல்மூலையில் 4ஜி நிற்கிறதா, ஈ (எட்ஜ்) அல்லது ஜி (ஜிபிஆர்எஸ்) என்று மாறுகிறதா என்று கவனியுங்கள்.

படி 9: அழைப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்

இது உங்கள் கைப்பேசிக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை. உங்களை அடிக்கடி அழைப்பவர்களிடம், குறிப்பாக ஊரில் இருப்பவர்களிடம், அந்த அறிவிப்புக்கு என்ன பொருள் என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஐந்து முறை அழைப்பதைவிட, ஒரு நிமிடம் விட்டு அழைத்தால் இடைவெளியில் மாட்டும் வாய்ப்பு கூடும் என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது எண் ஒன்றைக் கொடுங்கள்.

கோவில்பட்டி வீட்டில் போன் மேசைக்கு மேலே தினசரி நாள்காட்டி மாட்டியிருக்கும். அதன் அட்டையில் அக்கா நீல மையில் எழுதி வைத்திருக்கிறாள்: 'கவரேஜ் என்று இந்தியில் சொன்னால் தம்பி பாட்டுக் கேட்கிறான். ஒரு நிமிடம் கழித்து அடி. அப்போதும் வரவில்லை என்றால் இந்த எண்.' கீழே என் அலுவலகத் தரைவழி எண். தாள்கள் கிழிந்து வருடம் மாறும்போதெல்லாம் புது அட்டையில் அதை மறுபடி எழுதுவது அப்பாவின் வேலை.